சாம்பல் திட்டின் இட எண்

"நம்ம அட்டவணையைக் களவாண்டுட்டாங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி ஒரு மூக்குக்கண்ணாடியின் வளைந்த காலை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"எதைங்ணா?"

"எல்லாத்தையும். ஒரு வரி விடாம."

"அப்ப இப்ப நம்மகிட்ட இல்லீங்களா?"

"நம்மகிட்ட இருக்குதுங்க."

"சரிங்ணா" என்று கோகிலவாணி கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

சென்னியப்பனுக்கு அந்தப் பதில் போதவில்லை. பெருந்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர் அவர்.

அது கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடை. கோகிலவாணி அங்கே கண் அளவு பார்க்கிறவர். வயது முப்பத்து நான்கு. சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை.

ஆனாலும் இருவரில் குரு கோகிலவாணிதான். சென்னியப்பன் சீடர்.

அவர்களைச் சேர்த்தது ஒரு விளையாட்டு. நெடுங்கடல் என்று பெயர். இணையத்தில் ஆடுவது. ஆளுக்கு ஒரு கப்பல். கரை தெரியாத கடல். அதில் எண்ணி மாளாத தீவுகள், திட்டுகள், துறைகள்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. கையில் காற்றுச்சீட்டு இருந்தால், எண்ணைத் தட்டியதும் கப்பல் அங்கே போய் நிற்கும். சீட்டு இல்லாதவர்கள் பாய் விரித்து நாள்கணக்கில் ஓட்டவேண்டும்.

ஒரு சீட்டுக்கு மாதக்கணக்கில் முத்துக் குளிக்கவேண்டும். அதனால் எண்ணைத் தட்டும்போது எல்லோருக்கும் விரல் கொஞ்சம் தயங்கும்.

எந்த எண் எந்த இடம் என்று விளையாட்டு சொல்லாது. ஆடுகிறவர்கள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். அப்படித் தெரிந்ததையெல்லாம் ஒரு தளத்தில் அட்டவணையாக அடுக்கிவைத்தவர் கோகிலவாணி.

கால் முறிந்து கட்டிலில் கிடந்த மாதங்களில் சென்னியப்பன் இந்தக் கடலுக்குள் வந்தார். ஒரு நாள் கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்துபோயிற்று. அந்த அட்டவணையைத் திறந்தார். பிழைத்துக்கொண்டார். பிறகு அதை எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"நானும் இந்த வேலையக் கத்துக்கலாமுங்களா?"

கோகிலவாணி அடுக்காமல் கிடந்த இட எண்கள் கொஞ்சம் அனுப்பினார். அடுக்கித் தரச் சொன்னார்.

சென்னியப்பன் எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்தார்.

"தண்ணி தீந்தவங்க எந்த நம்பர்ல இருந்து தேடுவாங்கண்ணா?" என்று கேட்டார் கோகிலவாணி.

சென்னியப்பன் அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார்.

"எடத்தோட பேரு தெரியாதவங்க?"

சென்னியப்பன் ஒரு வாரம் கட்டிலில் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் கிடைக்கும் இடம், பாய் தைக்கும் இடம், புயலுக்கு ஒதுங்கும் இடம், முத்து விற்கும் இடம் என்று பிரித்துக் கொடுத்தார்.

 மறுநாள் அது அப்படியே தளத்தில் ஏறியிருந்தது.

கோகிலவாணி வாய் திறந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"போய் நிக்காத எடத்தை எழுத வேண்டாங்ணா."

அதன்பின் சென்னியப்பன் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவருடைய கப்பல் அங்கே போய் நின்றிருந்தது. கால் கூடி, வேலைக்குத் திரும்பி, இரண்டு வருடம் ஆன பிறகும்.

அந்த அட்டவணையைத்தான் இப்போது யாரோ எடுத்துத் தன் தளத்தில் போட்டிருந்தார்கள்.

"தீவுவழின்னு பேரு வெச்சிருக்கறான்" என்றார் சென்னியப்பன். "பக்கம் பூராவும் விளம்பரம். நம்ம பேரு எங்கேயும் இல்லை."

"நம்பரெல்லாம் சரியா இருக்குதுங்களா?"

"அப்படியே இருக்குதுங்க."

"அப்ப அதைப் பாத்துப் போறவங்களும் போய்ச் சேந்துருவாங்க."

"நான் அதைச் சொல்லலீங்க அம்மிணி."

கடைக்குள் ஒரு பெரியவர் வந்தார். கோகிலவாணி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுல தெரியுதுங்களா, இதுலயா?" என்று கேட்கத் தொடங்கினார்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை, எடைமேடையில் அவருக்கு அந்த யோசனை வந்தது.

இல்லாத ஓர் இடத்தை எழுதிவைக்கவேண்டும். இல்லாத இடத்தை யாரும் தேடமாட்டார்கள். களவாணி மட்டும் அதையும் சேர்த்து எடுப்பான். அப்போது ஊருக்கே காட்டிவிடலாம்.

மேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. அதன் பின்பக்கம் 7093 என்று இருந்தது. சென்னியப்பன் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டார். தண்ணீர் கிடைக்கும் இடங்களின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

‘சாம்பல் திட்டு. 7093. நல்ல தண்ணீர் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லை.’

எழுதி முடித்ததும் அவருக்கே அந்தத் திட்டு பிடித்துப்போனது.

இரண்டே நாளில் தீவுவழியிலும் சாம்பல் திட்டு வந்துவிட்டது.

சென்னியப்பன் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து ஆட்டக்காரர்களின் குழுவில் போட்டார். ‘இப்படி ஒரு திட்டே கிடையாது. பொறி வைத்துப் பிடித்தேன்’ என்று எழுதினார். குழுவில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. யாரோ அவரைச் சிங்கம் என்றார்கள். தீவுவழிக்காரனைக் கண்டபடி திட்டினார்கள்.

கோகிலவாணி மட்டும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

சென்னியப்பனே போன் போட்டார்.

"பாத்தீங்களா அம்மிணி?"

"பாத்தேனுங்ணா. எடம் எப்படி இருக்குதுங்க?"

"எந்த எடம்?"

"சாம்பல் திட்டு."

"அய்ய, அப்படி ஒண்ணு இல்லவே இல்லீங்க. நான் சும்மா எழுதினது."

"நம்பர்?"

"அதுவும் சும்மாதானுங்க. ஒரு லாரி நம்பர்."

"சரிங்ணா" என்று கோகிலவாணி போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. புதிய இடங்களைச் சேர்க்கக் கேட்டவர்களுக்குப் பதில் போகவில்லை. சந்தேகம் கேட்டவர்கள் காத்துக்கிடந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்னியப்பன் மறுபடியும் கூப்பிட்டார்.

"உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாருக்கேனுங்ணா. கடலுக்குள்ள இருக்கேன்."

"எங்கீங்க?"

"7093ல."

சென்னியப்பன் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை.

சென்னியப்பனிடம் ஒரே ஒரு காற்றுச்சீட்டு இருந்தது. எடைமேடை அறையின் கணினியில் ஆட்டத்தைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தட்டினார்.

கடல் வந்தது.

தரையில்லை. திட்டில்லை. பறவையில்லை. தண்ணீர் ஈயம் போல அசையாமல் கிடந்தது. பாயை ஏற்றினார். பாய் துவண்டு தொங்கியது. காற்றே இல்லாத கடல் அது.

அதில் கப்பல்கள் நின்றன. ஒன்று இரண்டல்ல, சந்தை வாசலில் வண்டிகள் நிற்பது போல நின்றன.

நடுவில் கோகிலவாணியின் சின்னக் கப்பல். அதிலிருந்து ஒரு கயிறு பின்னால் நின்ற பெரிய கப்பலுக்குப் போயிற்று. கோகிலவாணி துடுப்புப் போட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தார். அங்குலம் அங்குலமாகக் கிழக்கே நகர்ந்தது.

பக்கத்தில் இன்னொரு கப்பல் முளைத்தது. அந்த ஆட்டத்தில் அருகிலிருப்பவர்கள் பேசுவது காதில் கேட்கும்.

"ஏங்க, இதுதான் சாம்பல் திட்டுங்களா?" என்று ஒரு வாலிபக் குரல் கேட்டது.

"இல்லீங்க" என்றார் கோகிலவாணி. "எழுதினது தப்பு. கொஞ்சம் இருங்க, இவங்களைக் காத்து இருக்கற பக்கம் விட்டுட்டு வந்து உங்களுக்குக் கயிறு போடறேன்."

"யாரு எழுதினது?"

"எங்க அட்டவணைல இருந்துச்சுங்க."

கோகிலவாணி யார் பெயரையும் சொல்லவில்லை. 

கோகிலவாணி திரும்பி வரும் வரை காத்திருந்து சென்னியப்பன் கேட்டார். "இல்லாத எடத்துக்கு எதுக்குங்க இத்தனை பேரு வர்றாங்க?"

"இருக்குதுன்னு எழுதியிருந்துச்சுங்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அழிச்சிருப்பேனுங்களே."

"அழிச்சுட்டீங்களா?"

சென்னியப்பன் அப்போதே தளத்தைத் திறந்து அந்த வரியை அழித்தார். அழித்துவிட்டு நிமிர்ந்தபோது, கோகிலவாணி அந்த வாலிபனுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வெளியே எடைமேடையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போனார்.

மறுநாள் அவர் கடலுக்குள் வந்தபோது கப்பல்கள் குறைந்திருக்கவில்லை.

"நம்ம பக்கத்துல இருந்து எடுத்தாச்சுங்க. அப்புறமும் வர்றாங்களே?"

கோகிலவாணி ஒரு கயிற்றை அவர் கப்பலின் மேல் எறிந்தார். சென்னியப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பெரிய கப்பலுக்குத் துடுப்பு கனமாக இருந்தது. ஒரு கப்பலைக் காற்றுள்ள பக்கம் சேர்ப்பதற்குள் சாப்பாட்டு நேரம் தீர்ந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, அவர் இழுக்கவேண்டிய கப்பலில் ஒரு பெண் இருந்தார்.

"அண்ணே, நான் செண்பகம். சொந்த ஊரு சேலம். மஸ்கட்ல நர்ஸா இருக்கேன்" என்றார்.

"கயிறு போடறேனுங்க. பிடிச்சுக்குங்க."

"கொஞ்சம் இருங்கண்ணே. என் வீட்டுக்காரர் வர்றாரான்னு பாத்துக்கறேன்."

கணவன் சேலத்தில். மனைவி மஸ்கட்டில். போனில் பேசினால் வீட்டுக் கடனும் பிள்ளையின் படிப்புமே பேச்சாகிவிடுகிறது என்று வாரத்தில் ஒரு மணி நேரம் இந்தக் கடலில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேறு மூலையில் முத்துக் குளித்து, ஆளுக்கு ஒரு சீட்டுச் சேர்த்துவைத்திருந்தார்கள். கல்யாண நாளுக்கு யாரும் போகாத இடத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆள் நடமாட்டம் இல்லை என்று எழுதியிருந்ததைத் தீவுவழியில் பார்த்துச் செண்பகம்தான் அந்தத் திட்டைச் சொன்னது.

செண்பகம் சட்டென்று பேச்சை நிறுத்தினார். போனில் ஏதோ தகவல் வந்திருக்கவேண்டும்.

"அவரு வேற அட்டவணை பாத்திருக்காருண்ணே. தீவுவழிக்கு முன்னாடியே வந்த பழசு. அதுல சாம்பல் திட்டுன்னு இல்லையாம். சாம்பல் பாறைன்னுதான் இருந்துச்சாம். நான்தான் பேரை மாத்திச் சொல்லிட்டேன்னு நினைச்சு அந்த நம்பரைத் தட்டிட்டாரு."

சாம்பல் பாறை கடலின் மறுகோடியில் இருந்தது. சென்னியப்பன் அங்கேயும் போய் நின்றவர்தான். தூரம் அவருக்குத் தெரியும்.

"போன வாரம் வரைக்கும் அந்த அட்டவணைலயும் இருந்துச்சே. நானே பாத்தேன்" என்றார் செண்பகம். "யாரு எடுத்தாங்கன்னு தெரியல."

"எடுத்தது நான்தானுங்க" என்றார் சென்னியப்பன்.

அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"எழுதினதும் நான்தான்."

"எதுக்குண்ணே எழுதினீங்க?"

"ஒரு ஆளைப் பிடிக்கறதுக்கு."

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேனுங்க."

செண்பகம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சென்னியப்பனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார் செண்பகம். "கப்பல் இங்கதான் நிக்கும். உங்களுக்கு முடியறப்ப இழுத்து விடுங்க."

அன்று சென்னியப்பன் சாப்பாட்டு நேரம் முடிந்தும் துடுப்பை விடவில்லை. லாரி வரும்போது எழுந்து எடை போட்டுவிட்டு, மறுபடி வந்து துடுப்புப் போட்டார். ஆளில்லாத அந்தக் கப்பலைக் காற்றுள்ள பக்கம் கொண்டுசேர்த்தபோது வெயில் இறங்கியிருந்தது.

பிறகு தீவுவழிக்காரருக்கு எழுதப் போனார். எழுத வழியில்லை. குழுவில் மானத்தை வாங்கிய அன்றே அந்த ஆள் சென்னியப்பனின் போன் எண்ணைத் தடுத்துவைத்துவிட்டார்.

கோகிலவாணியிடம் சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை எழுதுனா எடுத்துருவாருங்க. உங்க மேல அவருக்குக் கோவமில்லை."

"எனக்கு அந்தத் திட்டைத் தெரியாதுங்ணா" என்றார் கோகிலவாணி.

தீவுவழியின் அடியில், விளம்பரங்களுக்கு நடுவில், நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கடையின் முகவரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் நாமக்கல் போனார்.

கடையில் மூட்டைகளுக்கு நடுவே நாற்பது வயதுக்காரர் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செந்தூரன் என்று பெயர். சென்னியப்பன் தன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"கேஸ் போடறதுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க. ஒரு வரியை அழிக்கச் சொல்லிக் கேட்க வந்தேன்."

"எந்த வரி?"

"சாம்பல் திட்டு."

"அதைத்தான் பொய்யின்னு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களே."

"குழுவுல சொன்னேனுங்க. வழி தேடறவங்க குழுவையா பாக்கறாங்க? உங்க பக்கத்தைப் பாத்து வர்றாங்க."

செந்தூரன் உட்கார்ந்தார். சென்னியப்பனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். அது பொய்யின்னு நீங்க சொல்றதை நான் எப்படி நம்பறது? நல்ல எடமா இருக்கலாம். உங்காளுங்க மட்டும் போறதுக்கு என்னை அழிக்கச் சொல்லலாம். நீங்க பொய் எழுதறவருன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

சென்னியப்பன் தீவன மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போய்ப் பாருங்க" என்றார் கடைசியில்.

"நான் ஆடறதில்லீங்க."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு நண்பர் சொன்னாரு, இதை ஆடறவங்க நிறையப் பேரு, அட்டவணை போட்டா விளம்பரம் வரும்னு. போட்டேன். கடலெல்லாம் நான் பாத்ததில்லை."

சென்னியப்பன் தன் போனில் ஆட்டத்தைத் திறந்தார். மேசையின் மேல் இருவருக்கும் தெரியும்படி வைத்தார்.

ஈயம் போலக் கடல் வந்தது. கப்பல்கள் நின்றன. தூரத்தில் கோகிலவாணியின் கப்பல் ஒன்றை இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை.

"அவங்க யாரு?"

"அட்டவணை அவங்களுதுங்க. நானும் சேந்து எழுதறவன்."

"என்ன பண்றாங்க?"

"இழுக்கறாங்க."

செந்தூரன் போனைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். தீவனம் வாங்க வந்த ஒருவரைக் கையமர்த்தி நிற்கச் சொன்னார்.

ஒரு கப்பல் புதிதாக முளைத்தது.

"இவரு எதைப் பாத்து வந்தாருன்னு கேளுங்க" என்றார் செந்தூரன்.

"நீங்களே கேளுங்க. பேசினா அவருக்குக் கேட்கும்."

செந்தூரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏனுங்க, நீங்க எதைப் பாத்து இங்க வந்தீங்க?"

"தீவுவழின்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றது அந்தக் குரல். "அதுல போட்டிருந்தாங்க. நீங்களும் அதைப் பாத்துத்தான் வந்தீங்களா?"

செந்தூரன் தன் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் விரலால் தேய்த்தார்.

"அழிச்சுட்டேன்" என்றார்.

காத்திருந்தவருக்குத் தீவனம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, சென்னியப்பனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மத்த வரியெல்லாம்?"

"மத்ததுல எல்லாம் நாங்க போய் நின்னிருக்கறோமுங்க."

"இப்ப நான் அதை நம்பணும்."

"வேண்டாங்க. எந்த எடம் வேணுன்னாலும் சொல்லுங்க. பாய் விரிச்சுப் போக நாளாகும். கூட்டிட்டுப் போறேன்."

டீ வந்தது. குடித்தார்கள். கிளம்பும்போது சென்னியப்பன் நின்றார்.

"புயலுக்கு ஒதுங்கற எடத்துல நாங்க அப்புறம் திருத்தின ரெண்டு நம்பரு உங்க பக்கத்துல பழசாவே இருக்குதுங்க. எழுதிக்குங்க."

செந்தூரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் உங்களதை எடுத்துப் போட்டவன். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"கடல்ல நாளைக்குப் புயல் வருதுங்க" என்றார் சென்னியப்பன்.

அடுத்த வாரம் கடலில் கப்பல்கள் குறைந்தன. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தன. செண்பகத்திடமிருந்து தகவல் வந்தது. கணவர் அந்தப் பக்கமிருந்து பாய் விரித்து வந்துகொண்டிருக்கிறார், செண்பகம் இந்தப் பக்கமிருந்து போய்க்கொண்டிருக்கிறார், வழியில் எங்கேயாவது பார்த்துக்கொள்வார்கள். இடத்துக்குப் பெயர் எதுவும் எழுதவில்லை.

ஒரு நாள் மதியம் காற்றில்லாத கடலில் கோகிலவாணியும் சென்னியப்பனும் மட்டும் இருந்தார்கள்.

"முடிஞ்சுதுங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு கப்பல் வந்து நின்றது. யாரோ போன மாதம் கையில் குறித்துவைத்திருந்த எண். அந்தக் கப்பலையும் இருவருமாக இழுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

"7093ஐ எழுதிருங்ணா" என்றார் கோகிலவாணி.

"அழிக்கறதுக்குத்தானேங்க நாமக்கல் வரைக்கும் போனேன்."

"அழிச்சாச்சு. இப்ப எழுதுங்க."

சென்னியப்பன் தளத்தைத் திறந்தார். எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை. தண்ணீர் இல்லை. பாய் தைக்க முடியாது. புயல் அங்கே வராது, காற்றே வராது. கடைசியில் ஒரு புதிய தலைப்புப் போட்டார். ‘தவறி வந்தவர்களுக்கு.’

அதன் கீழ் எழுதினார்.

‘7093. காற்று இல்லாத கடல். திட்டு இல்லை. தண்ணீர் இல்லை. கிழக்கே துடுப்புப் போட்டால் காற்று கிடைக்கும்.’

"சரியா இருக்குதுங்களா?"

கோகிலவாணி படித்தார். கடைசியில் அவரும் ஒரு வாக்கியம் சேர்த்தார். சென்னியப்பனின் திரையில் அது எழுத்தெழுத்தாக வந்து நின்றது.

‘இழுத்துவிட ஆள் உண்டு.’

"யாருங்க அம்மிணி?" என்று கேட்டார் சென்னியப்பன்.

கோகிலவாணியின் கப்பல் கிழக்கே திரும்பியிருந்தது. அதன் கயிறு முழுதும் சுருட்டப்பட்டுச் சென்னியப்பனின் மேல்தளத்தில் கிடந்தது.

பின்னால் ஒரு கப்பல் வந்து நின்றது.

"ஏனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. "இங்க ஒரு திட்டு இருக்குதுன்னாங்களே?"

சென்னியப்பன் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"கயிறு போடறேனுங்க" என்றார்.